சவன்னா சிதைந்த காடு அன்று

மழை போதிய அளவு பெய்யும் வெப்பமண்டல நிலத்தில் அடர்காடு நிற்பதே இயல்பு என்றும், அத்தகைய இடத்தில் புல் பரந்து குட்டை மரங்கள் இடைவெளிவிட்டு நிற்குமானால் அங்கே முன்பு இருந்த காடு மனிதரின் தீயாலும் கோடரியாலும் அழிந்திருக்க வேண்டும் என்றும் ஒரு கருத்து இருநூறு ஆண்டுகளாக நிலவிவருகிறது. புல்லும் மரமும் கலந்து வளரும் இந்நிலப்பரப்பைப் புவியியலாளர் சவன்னா என்பர். வனத்துறைத் திட்டங்களும், உலகெங்கும் மரம் நடப் பணம் ஒதுக்கும் அமைப்புகளும், பள்ளிப் பாடநூல்கள் சிலவும் இக்கருத்தை ஆராய்ந்து அடைந்த முடிவாக அன்றி, ஆராயத் தேவையே இல்லாத தொடக்கமாகக் கையாளுகின்றன. ஆனால் தாவரங்கள் தம் மண், நீர், வெப்பம், தீ, அண்டை உயிர்கள் ஆகியவற்றோடு கொள்ளும் உறவை ஆராயும் தாவரச் சூழலியல் என்னும் துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அத்துறையின் முதல் நூல்களுள் ஒன்று இதே கருத்தை எதிர்த்து எழுந்தது. எதிர்ப்புக்கான சான்றுகளும் அதில் பெருமளவு திரட்டி வைக்கப்பட்டிருந்தன.

வழக்கு தொடங்கிய இடம் பிரேசிலின் உள்நாட்டு மேட்டுநிலம். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், இன்றைய பெலோ ஒரிசோன்டி நகருக்கு வடக்கே, சுண்ணாம்புக் குகைகள் நிறைந்த பகுதியில் லாகோவா சாந்தா என்னும் சிற்றூர் உள்ளது. டென்மார்க் நாட்டவரான பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட், குகைகளில் புதைந்து கிடந்த அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளைத் தேடி 1830களின் நடுவில் அங்கே குடியேறி, 1880இல் இறக்கும்வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். குடியேறுவதற்கு முன், 1833 முதல் 1835 வரை, தாவரவியலாளர் லூட்விக் ரீடலோடு சாவோ பாவுலோ, கோயாஸ், மினாஸ் ஜெராயிஸ் பகுதிகளில் நெடும்பயணம் செய்த அவர், மேட்டுநிலத் தாவரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், அங்குள்ள திறந்த வெளிகள் பழைய காட்டை ஆண்டுதோறும் எரித்ததால் விளைந்தவை என்று வாதிட்டார். அந்த வாதத்தை அடியோடு பொருந்தாதது என்று தள்ளிவிட முடியாது. மினாஸில் காடு வெட்டி எரிக்கப்பட்ட நிலங்களில் பயிர் எடுத்தபின் புல் பரவுவதைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒகுஸ்த் த சேன்-இலேர் ஏற்கனவே கண்டு எழுதியிருந்தார். ஆயினும் அதே சேன்-இலேர் 1831இல் மினாஸின் ஆதித் தாவரப் பரப்பைப் பற்றித் தனியே எழுதியபோது, காடுகளோடு திறந்த வெளிகளையும் அந்த ஆதிப் பரப்பின் பகுதியாகவே சேர்த்தார். மனிதர் உண்டாக்கிய புல்வெளி வேறு, மனிதருக்கு முந்திய புல்வெளி வேறு என்னும் அந்தப் பாகுபாட்டை அவருக்குப் பின் வந்தவர் பலர் தொலைத்துவிட்டனர்.

லுண்டின் உதவியாளராக 1863இல் லாகோவா சாந்தாவுக்கு வந்த ஓயிகென் வார்மிங்குக்கு அப்போது 21 வயது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வந்த அவர், லுண்டின் எழுத்து வேலைகளைக் கவனித்தது போக எஞ்சிய பொழுதில் ஊரைச் சுற்றிச் செடி சேகரித்தார். அந்நாளில் வெப்பமண்டலத்துக்கு வந்த தாவரவியலாளர் பெரும்பாலோர் கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்தவர்கள். ஓர் இடத்தை ஒரு பருவத்தில், சில நாள் மட்டும் பார்த்தவர்கள். வார்மிங்கோ மூன்றாண்டுகள் ஓரூரில் தங்கி, அதே மேடுகளையும் அதே ஓடைக்கரைக் காடுகளையும் மாதந்தோறும் சென்று பார்த்து, எந்தச் செடி எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்று குறித்துவந்தார். அவருடைய சேகரிப்பை ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைப்பாட்டியல் வல்லுநர்கள் பகுத்தாராய, 1867 முதல் 1893 வரை பகுதி பகுதியாக அது அச்சேறியது. ஏறத்தாழ 2,600 கலன்தாவர இனங்கள், அதாவது நீரும் உணவும் கடத்தும் குழாய்த் திசு கொண்ட தாவரங்கள், அந்த ஒரு சிற்றூர்ச் சுற்றுவட்டாரத்திலிருந்து பதிவாயின. அவற்றுள் சில நூறு அறிவியலுக்கே புதியவை.

இந்த உழைப்பின் தன்மையே விடையின் பாதி எனலாம். சவன்னாவைச் சிதைந்த காடு என்று கருதுபவர் அதனுடைய தோற்றத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறார். முறுக்கிய கிளை, கருகிய பட்டை, குட்டையான உயரம் ஆகியவை அவருக்கு நோயின் அறிகுறிகளாகத் தெரிகின்றன. ஓராண்டுச் சுழற்சி முழுவதையும் பார்த்தவருக்கு அதே மரங்கள், மழை பெய்து மாதக்கணக்காகி மேல்மண் வறண்டு கிடக்கும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், முதல் மழைக்குக் காத்திராமல் துளிர்விட்டுப் பூத்து நிற்பது தெரிகிறது. எரிந்த தரையிலிருந்து சில வாரங்களிலேயே சிறு செடிகள் கூட்டமாகப் பூ எடுக்கின்றன. நலிந்த காட்டின் மிச்சம் இவ்வாறு நடந்துகொள்ளாது.

வார்மிங் 1892இல் டேனிஷ் மொழியில், பிரெஞ்சுச் சுருக்கத்தோடு வெளியிட்ட ‘லாகோவா சாந்தா’ என்னும் நூல், லுண்டின் கருத்தை மரியாதையோடும் உறுதியோடும் மறுத்தது. லுண்டின் இல்லத்துக்குப் பலமுறை வந்து தங்கிய விலங்கியலாளர் யோஹான்னெஸ் ரைன்ஹார்ட் 1856ஆம் ஆண்டிலேயே இதே ஐயத்தை எழுப்பியிருந்தார். வார்மிங் அதற்குத் தாவரச் சான்றுகளைச் சேர்த்தார். அச்சான்றுகளில் தலையாயது காட்டின் இனப் பட்டியலும் வெளியின் இனப் பட்டியலும் வெவ்வேறாக இருப்பது. சவன்னா காட்டிலிருந்து தேய்ந்து வந்ததென்றால், அங்கே காட்டு இனங்களுள் தீயைத் தாங்கவல்ல சிலவே எஞ்சியிருக்க வேண்டும். பட்டியல் குறுகியதாகவும், காட்டுப் பட்டியலுக்குள் அடங்கியதாகவும் இருக்க வேண்டும். லாகோவா சாந்தாவின் வெளியில் கிடைத்ததோ நூற்றுக்கணக்கான இனங்கள் கொண்ட, காட்டில் பெரும்பாலும் காணப்படாத, தனித்த ஒரு தாவரத் தொகுதி. மேலும், அவ்வூரில் காட்டை உண்மையிலேயே வெட்டி எரித்துக் கைவிட்ட நிலத்தில் என்ன முளைத்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே இருந்தது. அங்கே முளைத்தது ‘கபுவேரா’ என்று உள்ளூரார் அழைத்த இரண்டாம் வளர்ச்சிப் புதர்க்காடு, சவன்னா அன்று. அவ்வூர் விவசாயிகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே இல்லை. மரமே இல்லாத புல்வெளியைக் ‘காம்போ லிம்போ’ என்றும், புதர் கலந்ததைக் ‘காம்போ சூஜோ’ என்றும், மரங்கள் நெருங்கியதைச் ‘செர்ராடோ’ என்றும், காடு போல் அடர்ந்ததைச் ‘செர்ராடாவோ’ என்றும் அவர்கள் பிரித்து வைத்திருந்த பெயர்களையே வார்மிங்கும் எடுத்தாண்டார். இன்றைய அறிவியலும் எடுத்தாள்கிறது.

நிலத்துக்கு அடியில் கிடைத்த சான்று இதைவிட வலியது. வெளியில் வளரும் பல செடிகளைத் தோண்டிப் பார்த்தால், தரைக்கு மேல் ஒரு முழ உயரம் நிற்கும் தண்டுக்குக் கீழே, பல ஆண்டுகள் வளர்ந்து தடித்த, மரம் போல் இறுகிய பெரும் உறுப்பு ஒன்று புதைந்திருக்கும். தண்டும் வேரும் கூடும் இடத்தில் பருத்துக் கிடக்கும் இதற்குத் தாவரவியலில் பின்னாளில் சைலோபோடியம் என்று பெயர் வந்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்டிரா என்னும் செடி இதன் உச்சம்: அடிமரம், கிளை எல்லாம் நிலத்துக்குள் பரவியிருக்க, இலைக்கொத்துகள் மட்டும் தனித்தனிச் செடிகள் போல் தரைக்கு மேலே தலைகாட்டும். ஒரு மரத்தைத் தரையோடு வெட்டினால் அது இப்படி ஆகிவிடாது. தலைமுறை தலைமுறையாக நிலத்தடியில் வாழத் தகவமைந்த ஒரு பரம்பரைதான் இவ்வடிவத்தைப் பெறமுடியும். ஆப்பிரிக்கச் சவன்னாவிலும் இதே போன்ற ‘நிலத்தடிக் காடுகள்’ இருப்பதை 1976இல் தாவரவியலாளர் ஃபிராங்க் ஒயிட் விரிவாக எடுத்துக்காட்டினார். இரு கண்டங்களிலும், வெவ்வேறு குடும்பங்களில், தனித்தனியே இந்த வடிவம் தோன்றியிருப்பது, சவன்னா என்னும் வாழிடம் இவ்விரு கண்டங்களிலும் மிக நீண்ட காலமாக இருந்துவருவதைக் காட்டுகிறது.

தாவரச் சூழலியல் எப்படிப் பிறந்தது என்பதை இங்கிருந்து பார்ப்பது பொருந்தும். ‘சூழலியல்’ என்ற சொல்லை எர்ன்ஸ்ட் ஹெக்கல் உருவாக்கிய 1866ஆம் ஆண்டில்தான் வார்மிங் பிரேசிலிலிருந்து திரும்பினார். ஆனால் அச்சொல்லுக்குரிய ஆய்வுமுறையைத் தாவரங்களுக்கு வகுத்துத் தந்த ‘தாவரச் சமுதாயம்’ என்னும் அவருடைய நூல் 1895இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் கிரீன்லாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றார், டென்மார்க்கின் மணல்மேடுகளில் மாணவரோடு நடந்தார். ஆகவே ஒரே ஊரிலிருந்து ஒரு துறை முளைத்தது என்பது மிகை. எனினும், எந்த இனம் எங்கே வளர்கிறது என்னும் பழைய வினாவை விட்டு, இந்த இடத்தில் இந்த வடிவத்தில் ஒரு தாவரம் எப்படி வாழ முடிகிறது, ஏன் வேறொரு கூட்டம் அங்கே இல்லை என்னும் புதிய வினாவுக்கு அவரைத் தள்ளிய களம் சவன்னாதான். ஒரே மழை, ஒரே வெப்பம் பெறும் ஊரில், காடும் வெளியும் அருகருகே நிற்கும்போது, அட்சரேகையையும் வெப்பநிலையையும் வைத்து விளக்கம் சொன்ன ஹம்போல்ட் வழித் தாவரப் புவியியல் அங்கே பேச்சிழந்துவிடுகிறது. ‘காட்டை எரித்தார்கள், வெளி வந்தது’ என்ற விடையோடு வார்மிங் நிறைவடைந்திருந்தால் அவருக்கு ஆராய எதுவும் இருந்திராது. 1896இல் வந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழி ‘தாவரச் சமுதாயம்’ ஆர்தர் டான்ஸ்லி, ஹென்றி கௌல்ஸ் முதலான சூழலியலாளரைச் சென்றடைந்து இரண்டு கண்டங்களின் பல்கலைக்கழகங்களில் பாடமானபோது, அதற்கு அடித்தளமான ‘லாகோவா சாந்தா’ ஐரோப்பாவில் பெரும்பாலோர் படிக்காத டேனிஷ் மொழியிலேயே தங்கிவிட்டது. ஆல்பெர்ட்டோ லோஃப்கிரென் 1908இல் அதைப் போர்த்துக்கீசிய மொழிக்குக் கொண்டுவந்தார். சவன்னாவைப் பற்றி அடுத்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் எழுதப்பட்ட பலவற்றில் அந்நூலின் சாயல்கூட இல்லாமைக்கு இது ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

வார்மிங் எல்லாவற்றிலும் சரியாகவே கூறினார் என்று வாதிடத் தேவையில்லை. தடித்த இலை, தக்கை போன்ற கனத்த பட்டை, இலைமேல் அடர்ந்த மயிர் ஆகியவற்றைக் கண்ட அவர், நீர்ப் பற்றாக்குறையே சவன்னாவை உண்டாக்குகிறது என்று முடிவுகட்டினார். அது பிழை. ஜெர்மனியிலிருந்து 1934இல் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்துக்கு வந்த ஃபெலிக்ஸ் ரவிட்ஷரும் அவருடைய மாணவர் மாரியோ கிமராயிஸ் ஃபெர்ரியும் 1940களில் செய்த அளவீடுகள், சவன்னா மண் பல மீட்டர் ஆழம் உடையது, மேலே இரண்டொரு மீட்டர் காய்ந்தாலும் அதன் கீழ் ஆண்டு முழுதும் ஈரம் தங்கியிருக்கிறது, ஆழ வேர்விடும் செடிகள் வறண்ட பருவத்திலும் தம் இலைத்துளைகளை மூடாமல் நீரைத் தாராளமாக வெளிவிடுகின்றன என்று காட்டின. தாகத்தால் வாடும் செடி அப்படிச் செலவழிக்காது.

இங்கேதான் எதிர்த்தரப்பு உற்சாகத்தோடு மீண்டும் எழுகிறது: வறட்சி காரணமில்லை என்றால் லுண்ட் சொன்ன தீதான் காரணம், ஆகவே மனிதரே காரணம், ஆகவே அது சிதைந்த காடே. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது போல் தோன்றும் இம்மூன்று படிகளுள் எதுவுமே அடுத்ததைத் தாங்கவில்லை. முதற்படிக்கு மண் விடை சொல்கிறது. செர்ராடோவின் மண் பெரும்பகுதி மழையால் பல்லாயிரம் ஆண்டுகள் கழுவப்பட்டு, சத்துக்கள் வடிந்து, அமிலம் மிகுந்து, வேருக்கு நஞ்சாகும் அலுமினியம் நிறைந்தது. இலைத் தடிப்புக்குக் காரணம் நீர்க் குறைவன்று, ஊட்டச்சத்துக் குறைவே என்று கார்ல் ஆரென்ஸ் 1958இல் முன்மொழிந்தார்; அலுமினியத்தின் பங்கை ராபர்ட் குட்லாண்ட் 1971இல் எடுத்துக்காட்டினார். குவாலியா போன்ற மரங்கள் அந்த அலுமினியத்தை இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டே செழிக்கின்றன. பயிரும் காட்டுமரமும் தயங்கும் மண்ணில் செழிக்கும் ஒரு தாவரக் கூட்டத்தைச் சிதைவு என்று அழைப்பதற்கு என்ன ஆதாரம் என்பதை எதிர்த்தரப்பு விளக்க வேண்டும்.

இரண்டாம் படியான ‘தீ, ஆகவே மனிதர்’ என்பது காலக் கணக்கில் விழுந்துவிடுகிறது. சூடான, வெளிச்சம் மிகுந்த இடத்துக்கேற்ற ‘சி-4’ எனப்படும் ஒளிச்சேர்க்கை முறை கொண்ட புற்கள் ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி உலக வெப்பமண்டலங்களில் பரவின. மழைக்காலத்தில் விரைந்து வளர்ந்து வறண்ட பருவத்தில் காய்ந்து நிற்கும் அப்புல்லை அப்பருவ முடிவின் இடிமின்னல் எளிதில் பற்றவைக்கும். செர்ராடோவின் மரச்செடிப் பரம்பரைகளை மரபணு வழி ஆராய்ந்து 2009இல் வெளியான ஒரு கட்டுரை, தீயைத் தாங்கும் தக்கைப் பட்டையும் நிலத்தடி உறுப்பும் கொண்ட அந்த இனங்கள் கடந்த ஒரு கோடி ஆண்டுகளுக்குள், பெரும்பாலானவை கடந்த 40 லட்சம் ஆண்டுகளுக்குள் கிளைத்தன என்று காட்டியது. அதாவது, அவை புல்லோடும் தீயோடும் சேர்ந்தே தோன்றின. லாகோவா சாந்தாக் குகைகளில் லுண்ட் தொடங்கிவைத்த தேடலில் பின்னாளில் கிடைத்ததும், அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய மனித எச்சங்களுள் ஒன்றாக எண்ணப்படுவதுமான ‘லூசியா’ என்னும் பெண்ணின் மண்டையோடு, ஏறத்தாழ 11,500 ஆண்டுகள் பழமையானது. கண்டத்தில் மனிதர் அதைவிடப் பல்லாயிரம் ஆண்டு முன்னதாகவே கால்வைத்தனர் என்று ஒப்புக்கொண்டாலும், லட்சங்களில் எண்ணப்படும் காலத்துக்கு அது அருகில் வராது.

மூன்றாம் படிக்குத்தான் எதிர்த்தரப்பின் வலுவான சான்று இருக்கிறது. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தீயைத் தடுத்துவிட்டால் செர்ராடோவின் பல பகுதிகள் சில பத்தாண்டுகளிலேயே அடர்ந்து காடாகின்றன. சாவோ பாவுலோ மாநிலத்துக் காப்பிடங்களில் இது கண்கூடு. ஆகவே காடே அந்நிலத்தின் உண்மை இயல்பு என்பர். ஆனால் ஆற்றை மறித்து அணை கட்டினால் ஏரி உண்டாகும்; அதனால் ஆறு சிதைந்த ஏரி ஆகிவிடாது. ஒரு காரணியை நீக்கினால் ஓர் அமைப்பு மாறும் என்பது, அக்காரணி அவ்வமைப்பின் உறுப்பு என்பதை மட்டுமே நிறுவுகிறது. மேலும், அங்கே வந்து சேரும் காடு, இழந்துபோன செல்வம் திரும்பியதாக இல்லை. 2017இல் வெளியான ஆய்வில், தீத்தடுப்பால் காடாக மூடிக்கொண்ட செர்ராடோப் பகுதிகளில் தாவர இனங்களின் எண்ணிக்கை 27 விழுக்காடும், எறும்பு இனங்களின் எண்ணிக்கை 35 விழுக்காடும் குறைந்திருந்தன. வெளியில் மட்டுமே வாழ்பவற்றுக்கு நேர்ந்த இழப்பு இன்னும் மிகுதி. கரிமச் சேமிப்பு கூடியது உண்மைதான். அதற்குக் கொடுத்த விலையும் உண்மை.

இத்தனைக்குப் பின்னும் பழங்கருத்து சாகாமல் இருப்பதற்குக் காரணம், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கரான ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் அதற்குக் கொடுத்த கோட்பாட்டு உடை. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஒரே ஓர் ‘உச்சநிலைத் தாவரச் சமுதாயம்’ உண்டு, மற்றவை அதை நோக்கிச் செல்லும் படிகளோ தடைப்பட்டு நின்றவையோ ஆகும் என்று 1916இல் அவர் வகுத்தார். மழையுள்ள வெப்பமண்டலத்தின் உச்சநிலை காடு என்று முன்னரே முடிவுசெய்துகொண்டால், சவன்னா தானாகவே தடைப்பட்ட படியாகிவிடுகிறது. தோண்டிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. காலனிய வனத்துறைகளுக்கு இது வசதியாகவும் இருந்தது. எரிப்பவரைக் குற்றவாளியாக்கவும், அவருடைய மேய்ச்சல் நிலத்தை மீட்க வேண்டிய காடாகக் கணக்கில் எழுதவும் அது உதவியது. மேற்காப்பிரிக்காவின் கினியில், ஊர்களைச் சுற்றி நின்ற காட்டுத் திட்டுகளை அழிந்த பெருங்காட்டின் மிச்சங்கள் என்று அதிகாரிகள் பல பத்தாண்டுகள் எழுதிவந்தனர். பழைய வான்படங்களையும் ஊரார் நினைவையும் ஒப்பிட்ட ஜேம்ஸ் ஃபேர்ஹெட்டும் மெலிசா லீச்சும், அத்திட்டுகள் சவன்னாவின் நடுவே ஊரார் வளர்த்தவை என்று 1996இல் காட்டினர்.

நீலகிரியின் சோலை, புல்வெளி பற்றிய வழக்கும் இதே வடிவம் கொண்டது. மேட்டுப் புல்வெளிகள் எரித்ததால் வந்தவை என்று ஒரு சாராரும், சோலையும் புல்வெளியும் இரண்டுமே இயல்பானவை என்று சி. ஆர். ரங்கநாதன் போன்றோரும் 1930களில் எதிரெதிரே நின்றனர். நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகளில் பதிந்த கரிம ஐசோடோப்புகளை அளந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளரும் 1993இல் வெளியிட்ட முடிவு, கடைசிப் பனியுகத்தின் உச்சத்திலேயே அங்கு சி-4 புற்கள் மேலோங்கி இருந்தன என்று தெரிவித்தது. அதற்குள் சீகை மரமும் தைலமரமும் அந்தப் புல்வெளிகளில் பெரும் பரப்பைப் பிடித்துவிட்டிருந்தன.

கோட்பாடு பழையதானாலும் அதன் பயன் இன்று பெருகியிருக்கிறது. காடழிந்த, சிதைந்த நிலங்களை மீட்கும் பான் அறைகூவல் 2011இல் வந்தது; 35 கோடி எக்டேரை 2030க்குள் மீட்பது என்று அதன் இலக்கு பின்னர் விரிந்தது. உலகில் மேலும் 90 கோடி எக்டேர் மரப்போர்வைக்கு இடமுண்டு என்று கணக்கிட்ட 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, வெப்பமண்டலச் சவன்னாக்களில் பெரும்பகுதியை அந்த வெற்றிடத்துக்குள் சேர்த்துக்கொண்டதற்காகச் சூழலியலாளர் பலரின் கண்டனத்துக்கு உள்ளானது. ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருந்த செர்ராடோவில் பாதியளவு சோயா வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஏற்கனவே மாறிவிட்டது. அங்குள்ள ஏறத்தாழ 10,000 தாவர இனங்களுள் 4,400 வேறெங்கும் வளராதவை என்று 2000ஆம் ஆண்டின் உலகப் பல்லுயிர் மதிப்பீடு குறித்தது. அமேசான் காடு எரிந்தால் உலகம் பதறுகிறது. செர்ராடோ உழப்பட்டால் காட்டுக்குப் பதில் ‘வெறும் புதர்’ போனதாகக் கணக்கு முடிகிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு வேர் அந்த ஒரு கருத்தே.

காடழிந்து உண்டான புல்வெளிகள் உலகில் இல்லவே இல்லை என்று இங்கே கூறப்படவில்லை. மினாஸின் அழிந்த காட்டு நிலங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ‘காப்பிம் கொர்தூரா’ என்னும் புல் மூடிய மேய்ச்சல் வெளிகள் அத்தகையவையே. அங்கே மரம் வைப்பதை எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டையும் பிரித்தறியவும் முடியும், அதற்கான முறையையும் வார்மிங்கின் களப்பணியே காட்டித் தந்தது: தரைமேல் நிற்கும் மரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், புல்லுக்கிடையில் வளரும் சிறுசெடிகளின் பட்டியலை எடுக்க வேண்டும், மண்வெட்டி கொண்டு அவற்றின் அடியைத் தோண்ட வேண்டும், ஓராண்டு முழுதும் திரும்பத் திரும்பச் சென்று பார்க்க வேண்டும். அண்மையில் உண்டான வெளியில் கிடைப்பவை எங்கும் பரவும் களைகளும் விதையால் விரைந்து பெருகும் இனங்களுமே. பழைய சவன்னாவில் கிடைப்பது, விதையால் அரிதாகவே பெருகி, நிலத்தடிக் கட்டையிலிருந்தே ஒவ்வொரு தீக்குப் பின்னும் எழும் செடிகளின் கூட்டம். ஒருமுறை உழுது அக்கட்டைகளை வெளியே எடுத்துவிட்ட இடங்களில், உழவு நின்று பல பத்தாண்டுகள் ஆன பின்னரும், மரங்கள் சில திரும்பிவருகின்றன, புல் வேறினமாக வருகிறது, அந்தச் சிறுசெடிகளில் பெரும்பாலானவை வருவதில்லை.